மூன்றடிச் சந்தில் எது நிற்கும்? ஏணி, சக்கரச் சாரம், சவுக்குச் சாரம்

பெங்களூர் அல்சூரில் 30-க்கு 40 அடி மனையில் எங்கள் வீடு. தரைத்தளம், அதன்மேல் இரண்டு மாடி. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்து. இந்தக் கோடையில் நானும் மைத்துனருமே சுரண்டி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துவிடுவது என்று இறங்கினோம். வண்ணத்தை மனைவி ஒரே மாலையில் தேர்ந்துவிட்டாள். எதன்மேல் ஏறி நிற்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஏணி வீட்டிலேயே இருந்தது. அதனாலேயே அதன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் இருந்தது. சாத்தும் ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு: நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அதன் அடி சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். மூன்றடிச் சந்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டாலும் 12 அடிக்கு மேல் சாத்த வழியில்லை. மீறினால் ஏணி செங்குத்தாகி, ஏறியவரோடு பின்னால் சாயும். உயரத்தை விடுங்கள். ஒரு கை ஏணிக்கு, ஒரு கை தூரிகைக்கு என்றால் வண்ண வாளியை யார் பிடிப்பது? இறங்கி நகர்த்தச் சோம்பல்பட்டு இன்னும் ஒரு சாண் எட்டலாம் என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் வினை. கூடத்தில் நான் அப்படி எட்டியபோது ஏணியின் ஒரு கால் வழுக்கியது. ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பல்பு மாற்ற ஏணி போதும். பகல் முழுவதும் நின்று உப்புத்தாள் தேய்க்க அது உதவாது.

அடுத்தது சக்கரச் சாரம். வாடகைக் கடைகளில் 'ஸ்கஃபோல்டிங் டவர்' என்று கேட்டால் கிடைக்கும். இரும்புச் சட்டத்தில் வருவது மலிவு, ஆனால் கனம். அலுமினியத்தில் வருவதை இரண்டு பேர் அலுங்காமல் பூட்டிவிடலாம். நிற்கப் பலகை, இடுப்பளவுக்குக் கைப்பிடிக் கம்பி, கீழே விழாமல் பொருளைத் தடுக்கும் விளிம்புப் பலகை, பிரேக் போட்ட நான்கு சக்கரங்கள். முதல் நாள் கூடத்து விட்டத்தைப் பட்டி பார்த்தபோது இரண்டு கையும் விடுதலையாக இருந்த சுகத்தைச் சொல்லி மாளாது. ஏணியில் ஒரு வாரம் இழுத்திருக்கும் வேலை இரண்டரை நாளில் முடிந்தது.

ஆனால் இந்தச் சக்கரக் கோபுரத்துக்கும் கணக்கு உண்டு. சாயாமலிருக்கப் பக்கவாட்டில் விரியும் தாங்குகாலை விரிக்காமல் வெளியிடத்தில் நிறுத்தினால், அடித்தளத்தின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பலகையை ஏற்றாமலிருப்பது நெடுநாள் வழக்கம். நாலடி அகலச் சட்டத்துக்குப் பலகை 12 அடி. அதன்மேல் நிற்கும் ஆளின் கை 17, 18 அடியை எட்டும். தாங்குகால் விரித்தால் இன்னும் உயரலாம். ஆனால் நாலடிச் சட்டம் எங்கள் சந்துக்குள் நுழையவே நுழையாது. இரண்டரை அடி அகலத்தில் குறுகிய அலுமினியக் கோபுரம் நுழையும். தாங்குகால் விரிக்க இடமில்லாததால் அதன் பலகையை ஏழரை அடியில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். முதல் மாடி ஜன்னலின் அடிப்பாகத்தோடு கை நின்றுவிட்டது.

தரையையும் பார்க்க வேண்டும். இந்த ஊரில் வீட்டு வாசலில் பாதி இடம் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, மீதி சாக்கடைமேல் பரப்பிய கற்பலகை. இரண்டின்மேலும் சக்கரம் நிற்கக் கூடாது. கார் ஏறும் சரிவில், திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கால் வைத்து ரசமட்டம் பார்த்த பிறகே ஏறினோம். ஏறுவதும் சட்டத்தின் உட்புறமாகத்தான். வெளிப்புறமாகத் தொற்றினால் கோபுரம் கூடவே கவிழும். மேலே ஆள் இருக்கும்போது தள்ளக் கூடாது என்பதை மைத்துனருக்கு மூன்று முறை சொன்னேன். இறங்கி ஏறுவது அவருக்கு அலுப்பு. சுவரில் துளை போடும்போது அழுத்தும் விசை கோபுரத்தைப் பின்னுக்குத் தள்ளும் என்பது எனக்கே புதிய பாடம். தெருவோர மின்கம்பி பால்கனிக்குக் கைநீட்டும் தொலைவில் ஓடுகிற வீடு என்றால், மின்சாரத்தைக் கடத்தும் அலுமினியத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஏப்ரல், மே மாத மாலைகளில் மாம்பழ மழைக்கு முன்னால் சட்டென்று எழும் காற்றும் ஆகாது. தினமும் நாலு மணிக்கே மேல் அடுக்கைக் கழற்றிவிட்டோம்.

சவுக்குக் கம்புச் சாரத்தை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. கன்னடக்காரர்கள் சர்வே மரம் என்கிற அதே கம்பு, கயிற்றுக்கட்டு. பழங்காலத்து ஏற்பாடு என்று இளக்காரம். சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் புத்தி வந்தது. சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஒரே வரிசைக் கம்பு நட்டால் போதும்; குறுக்குக் கம்பின் மறுமுனையைச் சுவரே தாங்கிக்கொள்ளும். வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், சொந்தக் காலில் நிற்கும் கோபுரத்துக்கு உள்ள மும்மடங்குக் கணக்கு இதற்கில்லை. குறை என்னவென்றால், குறுக்குக் கம்பு நுழைந்த பொந்துகளைப் பிறகு பூசி அடைக்க வேண்டும், கைப்பிடி இருக்காது, முடிச்சு போடுகிறவரின் கைப்பழக்கத்தை நம்பித்தான் மொத்தச் சாரமும். யாரோ கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டுக்காரர் தானே கட்டிப் பார்க்கிற காரியமல்ல இது. கட்டத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகவே கூடமும் முன்பக்கமும் நாங்கள் கோபுரத்தில் முடித்தோம். முன்பக்கத்தில் மாடிக்கு மாடி பால்கனி இருப்பதால் மேலேயுள்ளவை பால்கனியிலிருந்தே எட்டின. சந்தின் கீழ்ப்பாதி குறுகிய கோபுரத்தில். மேல்பாதிக்குச் சவுக்குக் கம்பு கட்டுகிறவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோபுரத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருப்பது தெரிந்து, எதிர்வீட்டு அக்கா தம் கூடத்து மின்விசிறியைத் துடைத்துத் தரக் கேட்டிருக்கிறார்.