தண்டர்பேர்ட் - எக்ஸ்போர்ட் ஆபீஸ்காரங்க ஒருக்கா போட்டுப் பாருங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க, பையருக்கு ஒரு மெயில் ஐடி நூல் மில்லுக்கு ஒண்ணு ஷிப்பிங்குக்கு ஒண்ணுன்னு ப்ரௌசர்ல மாத்தி மாத்தித் தொறந்தே பாதி நாள் போயிரும். ஒன்றரை வருசமா தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர் தானுங்க. எல்லா இன்பாக்ஸும் ஒரே எடத்துல வந்துருது, மெயிலெல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே எறங்கி நிக்கறதால நெட் போனாலும் பழைய பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர அடிச்சா சட்டுனு எடுத்துக் குடுக்குது, இது ஒண்ணுக்கே கும்புடு போடலாம்!

முன்னாடி காலண்டருக்கு தனியா ஆட்-ஆன் போடோணும், 2020ல வந்த 78வது வெர்சன்லருந்து உள்ளயே சேந்துருச்சு, சாம்பிள் அனுப்பற தேதி, இன்ஸ்பெக்சன், கன்டெய்னர் ஏத்தற நாள் எல்லாம் அதுல தான் குறிச்சு வெக்கறேன். கான்டாக்ட்டும் கார்ட்டேவ் (கான்டாக்ட் லிஸ்ட்ட சர்வர்ல வெச்சு பகிர்ற முறை) சர்வர் இருந்தா அதுலருந்து இழுத்துக்கலாம்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோணும், மெயில அழிச்சாலும் அந்த ஃபோல்டர காம்பேக்ட் பண்ற (அழிச்சத நெசமாவே தொடச்சு ஃபோல்டர சுருக்கற) வரைக்கும் டிஸ்க்ல எடம் காலியாகாது, பெரிய பெரிய டெக் பேக் (துணியோட டிசைன், அளவு வெவரம் இருக்கற ஃபைல்) வர்றவங்க இத மறக்காதீங்க. காசு கெடையாதுங்க, ஓப்பன் சோர்ஸ், ஜனங்க குடுக்கற நன்கொடைல ஓடுது, நானும் போன மாசம் கொஞ்சம் அனுப்பிவிட்டேன்.