ஒருநாள் டைவா, முழு கோர்ஸா? காதைக் கேட்டு முடிவெடுங்கள்

பையை முதுகில் மாட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுகிறவர்களுக்கு, காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா ஆசை தொற்றுநோய் மாதிரிதான் வரும். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் ஈரத்தலையோடு வந்து "ஆமை என் பக்கத்திலேயே நீந்தியது" என்று சொன்னால் போதும், மறுநாள் காலை நாமும் ஒரு டைவ் கடை வாசலில் நிற்போம். ஒருநாள் அனுபவ டைவ் போதுமா, ஓபன் வாட்டர் என்னும் தொடக்கநிலைக் கோர்ஸே படித்துவிடலாமா என்ற கேள்வி அங்கே வரும். நான் முதலில் ஒருநாள் டைவ் செய்தேன். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு தீவில் கோர்ஸ் முடித்தேன். இப்போது யாராவது கேட்டால் கோர்ஸ் பக்கம்தான் சாய்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

ஒருநாள் டைவில் காலையில் ஆழமில்லாத தண்ணீரில் நாலைந்து விஷயம் சொல்லித்தருவார்கள், அப்புறம் கடல். அதிகபட்சம் 12 மீட்டர். என் சிலிண்டரின் மேல்பகுதியைப் பயிற்றுநர் பிடித்திருந்தார். மிதப்பதற்கான ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். நான் கூடவே போன மூட்டை. சந்தோஷமான மூட்டை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவளத்தில் ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்த குஷியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். தண்ணீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். அவர் என்னை மேலே கொண்டுபோய்விட்டார்!

தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதே பயமாக இருக்குமோ என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒரே நாளில் தெரிந்துவிடும்.

கோர்ஸ் வேறு மாதிரி. பாடம், நீச்சல்குளம் அல்லது அமைதியான ஆழமற்ற கடல், பிறகு நான்கு கடல் டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு டைவ் செய்ய அட்டை கிடைக்கும், அதற்குக் காலாவதி கிடையாது. 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் யாரும் பார்ப்பதில்லை. அட்டை தரும் பயிற்சி அமைப்புகளில் எது மேல், பாடியா (PADI) எஸ்.எஸ்.ஐ.யா (SSI) என்று விடுதிகளில் ராத்திரி முழுக்க விவாதம் நடக்கும். ஒன்று 1966இல் தொடங்கியது, மற்றது 1970இல். எந்த அட்டையைக் காட்டினாலும் டைவ் கடைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள், அது முக்கியம். விதிப்படி கடலில் எட்டு பேர் வரை போகலாம். எங்கள் குழுவில் நான்கு பேர், அதுவே அவருக்குப் போதுமான வேலையாக இருந்தது.

இனி காதுக்கு வருகிறேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டரில் அது 2. அதாவது காது ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். 10இலிருந்து 20க்குப் போனால் 2 என்பது 3 ஆகிறது, அவ்வளவுதான். ஆக, காதுக்கு மோசமான இடம் ஆழம் இல்லை, முதல் சில மீட்டர்தான். புதியவர்கள் தடுமாறும் இடமும் அதுவே. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி உள்ளே காற்றை அனுப்ப வேண்டும், அதுவும் வலி வருவதற்கு முன்பே. வலித்த பிறகு பலமாக ஊதினால் காதுக்குத்தான் சேதம். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், பாதியில் அதன் வேகம் குறையும்போது மேலே ஏறுவதே சிரமமாகிவிடலாம். ஏசி பேருந்து, ஏசி விடுதி, தூக்கமில்லாத இரவுகள் என்று திரிகிறவர்களுக்குச் சளி எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இரண்டாம் நாள் மதியம், நான்கு மீட்டரில், வலது காதில் ஊசி குத்தின மாதிரி வலி. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன், காதைக் காட்டினேன். பயிற்றுநர் என்னை ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய், தலையை இடப்பக்கம் சாய்த்து, எச்சிலை விழுங்கிக்கொண்டே ஊதச் சொல்லிக் காட்டினார். மூன்றாம் முயற்சியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், காது திறந்தது. மறுநாள் காலை ஒரே அடைப்பு. "இன்றைக்கு வேண்டாம்" என்றார். அன்று முழுக்கப் படகில் உட்கார்ந்து மற்றவர்கள் விட்ட குமிழிகளை எண்ணினேன். அதற்கடுத்த நாள் காது சரியானது, ஐந்தாம் நாள் கோர்ஸ் முடிந்தது. கையில் ஐந்து நாள் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

எங்கள் குழுவில் இன்னொருவருக்கும் இதே தொல்லை. அவருக்கு மூன்றாம் நாள் மாலையே படகு டிக்கெட். செய்த பகுதிக்கான பதிவுத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வருடத்துக்குள் வேறு எங்காவது தொடரலாம்.

ஒருநாள் டைவில் இந்த இரண்டாம் வாய்ப்பே இல்லை. நான் முதன்முதலில் போனபோது ஒரு பெண்ணுக்குக் காது திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் படகுக்குத் திரும்பினார், அவருடைய ஸ்கூபா அத்தோடு முடிந்தது. கோர்ஸில் குளத்திலேயே பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்குவதால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது. என் சாய்வுக்குக் காரணம் அட்டை இல்லை, இதுதான்.

அதனால்தான் நிபந்தனை. மூன்று அல்லது நான்கு நாள் கோர்ஸ், காதுக்கென்று ஒரு நாள், விமானத்துக்கு முன் இன்னொரு நாள். பல டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் பறக்க வேண்டாம் என்பது டைவ் பாதுகாப்பு அமைப்பான டானின் பரிந்துரை. உடம்பில் தங்கிய நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். டைவ் முடித்த கையோடு உயரமான எரிமலை உச்சிக்குப் போவதும் இதே கணக்கில்தான் வரும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு நாள் இல்லையென்றால் ஒருநாள் டைவே மேல்.

மூன்றாவது வழியும் உண்டு: பாடத்தையும் குளப்பயிற்சியையும் கிளம்புமுன்பே முடித்துவிட்டு, தீவில் கடல் டைவ் மட்டும் செய்வது. நான் செய்ததில்லை. படகில் சந்தித்த ஒருவர் அப்படி வந்திருந்தார். நாங்கள் கடற்கரையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தூங்கினார், பொறாமையாக இருந்தது. ஆனால் புதுப் பயிற்றுநர் அவரிடம் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து காட்டச் சொன்னார். அந்த ஒருவரை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடல்நலப் படிவத்தைத் தீவுக்குப் போகுமுன் இணையத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள். ஆஸ்துமா மாதிரி ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், சின்னத் தீவில் அதற்கு அலைய முடியாது. காசு கட்டுமுன் கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: காது அடைத்து ஒரு நாள் போனால், அடுத்த நாள் குழுவில் சேர்த்துக்கொள்வீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? என்னிடம் எதுவும் வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் படித்தவர் படகுக் கூலியை இன்னொரு முறை கட்டினார்.