சம்பளமா, ஃப்ரீலான்ஸா? வடபழனி ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றைப் பற்றி

எடிட்டிங் வேலைக்கு ஒரு கம்பெனி மாதச் சம்பளமும் பிஎஃப்பும் தருகிறேன் என்றது, நான் இதுவரை இன்வாய்ஸ் போட்டே பழகியவன், அதனால் சினிமாக்காரர்கள் நிறையப் பேர் போகும் இந்த ஆபீஸுக்குப் போனேன்.

ஆடிட்டரம்மா முதலில் என் 26ஏஎஸ்ஸை, அதாவது என் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகியிருக்கும் ஸ்டேட்மென்டைத் திறந்தார். ஒரு தயாரிப்பாளர் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் 10% பிடித்திருக்கிறார், இன்னொருவர் அதே வேலைக்கு கான்ட்ராக்டுக்கான 194சி-யில் 1%. பிடித்தம் எவ்வளவு என்பது வேறு, கடைசியில் கட்டும் வரி வேறு என்று சொல்லிவிட்டு ஒரு பழைய கால்ஷீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 2025-26இல் ஃப்ரீலான்ஸில் 14 லட்சம் வந்தால், செலவுக் கணக்கு காட்டாமலே 44ஏடிஏ பிரிவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 7 லட்சத்துக்குப் புதிய வரி முறையில் வரியே இல்லை, தயாரிப்பாளர்கள் பிடித்த அந்த வரி (டிடிஎஸ்) ரீஃபண்டாக வந்துவிடும். அதே 14 லட்சம் சம்பளமென்றால் 75,000 கழிவு போக, வரி செஸ்ஸோடு 81,900 ரூபாய். சரி, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். சம்பளத்திலும் லாபம் உண்டு, ஹோம் லோனுக்குச் சம்பளச் சீட்டு இருந்தால் எளிது, பேமென்ட் இழுத்தடிப்பும் இருக்காது என்றார். தினமும் அந்த கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து, லீவு கேட்டு வேலை செய்துவிட்டு பேப்பரில் மட்டும் ஃப்ரீலான்ஸ் என்று எழுதுவது செல்லாது என்பதையும் கறாராகச் சொன்னார்.

குறை? ஜூலையில் போனை எடுக்கவே மாட்டார்கள். ஃபீஸையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்வதில்லை. பார்க்கிங் கிடையாது. 5க்கு 4.