ஏற்காட்டில் குழந்தைகளோடு சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில், ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் உணவகத்தில், என் நான்கு வயது மகனுக்கு ஊசிப்போன தயிர்சாதத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். புகார் கொடுத்திருக்கிறேன் என்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து மேலே ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே பையன் வாந்தி எடுத்துவிட்டான். என் அத்தைக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கண்ணில் பட்ட பலகையில் 'குடும்பத்தோடு வாருங்கள், வீட்டுச் சாப்பாடு ரூ.120' என்று எழுதியிருந்தது. வயிறு புரட்டும் பிள்ளைக்கும் வயதானவருக்கும் வேறென்ன வேண்டும் என்று நுழைந்தோம்.

இலை போட்டுத் தண்ணீர் வைத்த பிறகுதான், "சாதா சாப்பாடு தீர்ந்துவிட்டது மேடம், ஸ்பெஷல்தான் இருக்கிறது" என்றார்கள். மணி பன்னிரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குள் சாப்பாடு தீருமா? விலை அட்டையில் ஸ்பெஷல் 220 என்று ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. என் மகள் அதை நகத்தால் சுரண்டினாள். அடியில் 150 என்று அச்சாகியிருந்தது. மேற்பார்வையாளரைக் கேட்டேன். "விலை ஏறிவிட்டது மேடம், புது அட்டை அச்சில் இருக்கிறது" என்றார். அப்போதே எழுந்திருக்க வேண்டும். அத்தையின் கை நடுங்க ஆரம்பித்திருந்ததால் உட்கார்ந்துவிட்டோம். பசித்த முதியவரும் சோர்ந்த குழந்தையும் கூட இருந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்பெஷலில் ஸ்பெஷலாக ஒன்றும் இல்லை. சாம்பார் தண்ணீர், சாதம் மேலே சூடு, நடுவில் சில்லிப்பு. அது போகட்டும்.

தயிர்சாதம் பார்க்க அழகாகத்தான் வந்தது. மேலே மாதுளை முத்து, திராட்சை, கறிவேப்பிலை. பாலை நிறைய ஊற்றிப் பிசைந்திருந்ததால் முகர்ந்தபோது எனக்குப் புளிப்புத் தெரியவில்லை. பையன் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று தலையைத் திருப்பினான். வாந்தி எடுத்த அசதி என்று நினைத்து நான்காவது வாயை ஊட்டப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கி இழுத்தார். நூலாக நீண்டது. "ஊசிப்போயிருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்காதே" என்றார். அந்த மூன்று வாயை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"காலையில் தாளித்ததுதான், இந்த மலைக்குளிரில் கெடாது மேடம்" என்றார் மேற்பார்வையாளர். நூலைக் காட்டினேன். பார்க்காமலே போய்விட்டார்.

பில் என்று வந்தது பேனாவால் எழுதிய துண்டுச்சீட்டு. ஸ்பெஷல் நான்கு 880, தயிர்சாதம் 120, கேட்காமலே இலையில் போட்டுப்போன இரண்டாவது அப்பளம் நான்கு 80, சேவைக் கட்டணம் 108, ஜிஎஸ்டி 5 சதவீதம். எல்லாம் சேர்த்து முழுத்தொகையாக 1,250.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கே அந்தக் கட்டணத்தையும் சேர்த்து அதன் மேல் வரி போட்டிருந்தார்கள், அதுவும் கூடாது. இதைச் சொன்னதும் மேற்பார்வையாளர் மறுபேச்சில்லாமல் 108-ஐ அடித்துவிட்டார். தெரிந்தேதான் போடுகிறார்கள். தயிர்சாதத்துக்கான 120-ஐ மட்டும் கடைசிவரை அடிக்கவில்லை. "கை வைத்துவிட்டீர்களே" என்றார்.

ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டேன். கம்ப்யூட்டர் பழுதாம். வரி வசூலிக்கும் கடையின் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் இரண்டும் இல்லை. கைப்பேசியில் 1,142 ரூபாய் அனுப்பியபோது திரையில் கடையின் பெயரும் வரவில்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அப்படியானால் அந்த வரி எங்கே போகிறது?

தயவுசெய்து உட்காருவதற்கு முன்பே சாப்பாடு இருக்கிறதா, என்ன விலை என்று வாசலிலேயே கேளுங்கள். குழந்தைக்கு வாங்கும் தயிர்சாதத்தை முதலில் நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். துண்டுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகாரைப் பதிவு செய்து, சீட்டின் படத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் கொடுத்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அன்று இரவு பையனுக்கு ஐந்து முறை வயிற்றுப்போக்கு. மருத்துவர் சொன்னபடி உப்புச் சர்க்கரைக் கரைசலை விடியும்வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். இன்று காலைதான் இரண்டு இட்லி சாப்பிட்டான்.