கான்டெஸா ஆக்ஸில் என்று யாராவது விற்க வந்தால், முதலில் குனிந்து பாருங்கள்

பழைய அம்பாசடருக்கு இசூசு இன்ஜின் மாற்றும் வேலையில் இறங்கியிருக்கும் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் பின் ஆக்ஸில் (இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் அச்சு) பற்றி விசாரித்தார்கள். இருவருமே ஒரே கடையைச் சொன்னார்கள். நான் ஏமாந்த அதே கடை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கையில் உருப்படியான பில் இல்லாமல் பெயரைப் போட்டு வம்பில் மாட்ட எனக்கு விருப்பமில்லை. பில் ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில் வரும்.

வண்டி 1978 மார்க் 3 அம்பாசடர். அப்பா காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்த காலத்தில் வாங்கியது. பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டர்களை மூன்று முறை குடைந்து போர் பண்ணியாகிவிட்டது. இனி பிளாக்கில் கைவைக்க இடமில்லை என்று லேத்காரர் கையை விரித்துவிட்டார். உடைக்க வந்த ஒரு கான்டெஸாவிலிருந்து (அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு கார்) 1817 சிசி இசூசு பெட்ரோல் இன்ஜினும், கூடவே ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தன. இதே இன்ஜினைக் கம்பெனியே அம்பாசடரில் போட்டு 1800 ஐஎஸ்இசட் என்று விற்றிருக்கிறது. அதனால் இன்ஜின் பக்கம் பெரிய தலைவலி இல்லை. தலைவலி பின்னால் இருந்து வந்தது.

பின் ஆக்ஸிலில் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள். கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. என் வண்டியில் 9க்கு 41, அதாவது 4.56. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைத் தள்ளி அளந்தேன். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 3 சென்டிமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 657 சுற்று சுற்றும். இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரான நாலாவதில் இன்ஜின் அதைப்போல 4.56 மடங்கு, ஏறக்குறைய 3,000 சுற்று சுற்ற வேண்டும். அதுவே 3.9 ரேஷியோ என்றால் 2,560 போதும். ஓசூர் வரை தினமும் போய் வருகிறவனுக்கு இந்த வித்தியாசம் காதிலும் தெரியும், பெட்ரோல் பங்க்கிலும் தெரியும் என்று கணக்குப் போட்டேன். இன்ஜின் சுற்றைக் குறைக்க ஐந்தாவது கியர் இருக்கும்போது இந்தக் கவலையே தேவையில்லை என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு 3.9 என்ற எண் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்த ஆசையோடுதான் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பழைய பாகங்கள் விற்கும் அந்த இடத்துக்குப் போனேன். கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர்.

"சார், உங்க பழைய ஆக்ஸில் இந்த இன்ஜினுக்குத் தாங்காது. தொப்பூர் ஏத்தத்துல ஒரு மிதி மிதிச்சீங்கன்னா கிரவுன் பல்லு கொட்டிடும். கான்டெஸா ஆக்ஸில் ஒண்ணு வந்திருக்கு. 3.9. அப்படியே மாட்டிக்கலாம், ஒரு வேலையும் இல்லை."

34,000 ரூபாய், அதோடு என் பழைய ஆக்ஸிலைக் கொடுத்துவிட வேண்டும். ஆக்ஸில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தரையில் கிடந்தது. பெயிண்ட் புதிது, வாசனை கூடப் போகவில்லை. கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. ரேஷியோவை எண்ணிக் காட்டச் சொன்னேன். "எழுதியே தர்றேன் சார்" என்றார். எழுதித் தந்த சீட்டில் 'ஆக்ஸில் 1' என்றும் தொகையும் இருந்தன. கடைப் பெயர் இல்லை, வரி எண் இல்லை, 3.9 என்பதும் இல்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, டெம்போக்காரர் அவசரப்படுத்தினார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டும் வேலை நிஜமாகவே ஒரே பகலில் முடிந்தது. பழைய பட்டை (இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), அதைப் பிடிக்கும் பழைய யூ போல்ட், எல்லாம் அச்சாக உட்கார்ந்தன. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் வாரமே மூன்று குறிகள் தென்பட்டன. 40ஐத் தாண்டினால் பின்னால் மெல்லிய ஊளை. ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடும். பெங்களூர் சாலையில் கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப் பார்த்தால் மீட்டர் அதிகம் காட்டியது. கியர் பெட்டி மாறியதால் அப்படி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மையும் உண்டு, அந்த மீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது, இன்ஜின் முன்பைவிட அதிகமாகக் கத்தியது. ரேஷியோ குறைந்தால் சத்தம் குறைய வேண்டுமே! போன் பண்ணினேன். "புது கிரவுன் செட் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார். செகண்ட் ஹேண்ட் ஆக்ஸிலில் புது கிரவுன் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

சேலத்தில் ஒரு கல்யாணம். அம்மா, மனைவி, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கருகல் வாடை வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. அந்த இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னே லாரி, பின்னே லாரி. உடனே இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்ஜின் பிடியிலேயே ஊர்ந்து வந்து ஓரங்கட்டினேன். இடப்பக்கப் பின் டயரின் உள்பக்கம் முழுக்க ஆக்ஸில் ஆயில். பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூ ஊறிப் போயிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம்.

வண்டியைக் கட்டி இழுத்துத் தர்மபுரியில் ஒரு பெரியவரிடம் விட்டேன். டாக்சிகள் எல்லாம் அம்பாசடராக இருந்த காலத்திலிருந்து அவருக்கு இதுதான் தொழில். வண்டிக்கு அடியில் தலையை விட்டார், உடனே வெளியே எடுத்தார்.

"தம்பி, இது கான்டெஸான்னா சொன்னாங்க? அதுக்குப் பின்னாடி பட்டையே கிடையாதே. காயில் ஸ்பிரிங் வண்டிப்பா அது. இதுல பட்டை உக்கார்ற மேடை எங்கிருந்து வந்துச்சு?"

கான்டெஸாவின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். அம்பாசடருக்குப் பட்டை. கான்டெஸா ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) அம்பாசடரில் உட்கார வேண்டும் என்றால் மேடையை வெல்டு பண்ண வேண்டும். அந்தச் சூட்டில் குழாய் வளையலாம். பினியன் பார்க்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் உதறும். அதை ஜிக் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைத்து அளந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் என் ஆக்ஸிலில் வெல்டே இல்லை. பெயிண்டைச் சுரண்டினார். மேடை பிறவியிலேயே வந்த மேடை. நான் வாங்கியது இன்னொரு அம்பாசடர் ஆக்ஸில்.

ஆயிலை இறக்கினால் கூழ் மாதிரி வந்தது. கிரீஸ், அதில் மரத்தூள். சத்தத்தை அடக்க இது ஆதிகாலத்து வித்தை என்றார் பெரியவர். தரையில் கிடந்தபோது வழுக்கிக்கொண்டு சுற்றிய ரகசியமும் அதுதான். கிரவுனை வெளியே எடுத்துப் பல்லை எண்ணினோம். 8க்கு 39. அதாவது 4.875. நான் கேட்ட 3.9 இல்லை என்பது போகட்டும், நான் கொடுத்துவிட்டு வந்த 4.56ஐ விட மோசம். 80 கிலோமீட்டரில் 3,200 சுற்று. கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பழக்கி வருபவை, பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். இதில் இரண்டும் வேறு வேறு எண். எங்கேயோ இருந்த கிரவுனை எங்கேயோ இருந்த பினியனோடு சேர்த்திருக்கிறார்கள், ஊளை அதனால்தான்.

ஆயில் பிரேக்கில் இறங்கிய காரணம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஹவுசிங்கின் மேல் மூச்சு விடச் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. ஓடும்போது உள்ளே சூடேறி அழுத்தம் கூடினால் அது வழியாகக் காற்று வெளியேறும். இவர்கள் அடித்த பெயிண்ட் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அழுத்தம் போக வழியில்லாமல், தேய்ந்த ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் டிரம்முக்குள் போயிருக்கிறது. கண்ணை மயக்க அடித்த பெயிண்ட், தொப்பூரில் என் குடும்பத்தையே கவிழ்த்திருக்கும்.

கிரவுன், பினியன், மரத்தூள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நாங்க கொடுத்தது இது இல்லை சார், நீங்க எங்கேயோ மாத்திட்டு வந்திருக்கீங்க." என் பழைய ஆக்ஸிலையாவது கொடுங்கள் என்றேன். போய்விட்டதாம். எங்கே என்றால் தெரியாதாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதெல்லாம் விசாரித்துவிட்டேன். வக்கீல் முதலில் கேட்டது பில். சட்டைப் பைச் சீட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம்.

இப்போது வண்டியில் இருப்பது 1800 ஐஎஸ்இசட் ஒன்றிலிருந்து கழற்றிய ஆக்ஸில். அதே இன்ஜினைக் கம்பெனி எந்தப் பட்டை ஆக்ஸிலோடு ஓட்டியதோ அதே ஜாதி. பழைய ஆக்ஸில் தாங்காது என்று கடைக்காரர் மிரட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கிழிந்த சீல், தேய்ந்த பேரிங் மாற்றியிருந்தால் என் 9க்கு 41 போதும் என்றுதான் பெரியவரும் சொன்னார். இந்த முறை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று. தரையில் இருக்கும் சக்கரம் நகராததால் கிரவுன் சரியாக ஒரு சுற்றுதான் சுற்றும். அதற்குள் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நாலரையைக் கொஞ்சம் தாண்டினால் 4.56, ஐந்தைத் தொடப் போகிற மாதிரி நின்றால் 4.875, நாலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் 3.9. ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு போதும். கழற்றிக் கிடக்கும் ஆக்ஸில் என்றால் ஒரு டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. 34,000 ரூபாய்க்கு முன் அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

"ஹை ரேஷியோ", "லோ ரேஷியோ" என்று வாயால் கேட்காதீர்கள். ஒருவர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் வேகத்தைச் சொல்வார், இரண்டும் நேர் எதிர். பல் எண்ணிக்கையைக் கேளுங்கள், அதையே பில்லில் எழுத வையுங்கள். டிரெயின் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். 90 நம்பர் ஆயில் ஒழுகும், கூழ் ஒழுகாது. புதுப் பெயிண்ட் அடித்த ஆக்ஸில் என்றால் சுரண்டிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். இன்ஜின் மாற்றத்தை ஆர்சியில் ஏற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும், அதற்கு இன்ஜின் வாங்கிய பில்லும் கேட்பார்கள். அது தனிக் கதை, எனக்கு இன்னும் முடியவில்லை.

இன்னொன்று. என் பழைய ஹவுசிங்கில் இடப்பக்க மேடைக்கு அருகே அப்பா உளியால் 'மு' என்று அடித்து வைத்திருந்தார். ஒரு பட்டறையில் ஆக்ஸிலை மாற்றிவிடுவார்களோ என்று அவருக்கு அந்தக் காலத்திலேயே சந்தேகம். உங்களுக்கு யாராவது கான்டெஸா ஆக்ஸில் என்று காட்டினால், கறுப்புப் பெயிண்டை அந்த இடத்தில் சுரண்டிப் பாருங்கள். 'மு' இருந்தால் அது 9க்கு 41, நல்ல ஆக்ஸில். ஆனால் கான்டெஸா இல்லை, என்னுடையது.