போட்டோ இருந்த இடத்தில் கோடுகள்: என் கடை பிரவுசரோடு நான்கு வருடம்

போன வாரம் கடையில் இரண்டாவது கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு, விண்டோஸ் ஏற்றி, பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் சேர்த்து, கடைசியாக நான்கு வருடமாக வைத்திருக்கும் பிரவுசரையும் போட்டேன். மறுநாள் காலை பத்தரைக்கு முதல் விண்ணப்பம். போட்டோவை ஏற்றினேன். திரையில் முகம் இல்லை. மேலிருந்து கீழாகப் பச்சை, ஊதா, சாம்பல் கோடுகள். முன்பு ஒரு ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்த அதே கோடுகள்.

அன்று மாலையே புதுச்சேரி நெல்லித்தோப்பில் கடை வைத்திருக்கும் நண்பர் போனில் கேட்டார்: "கஸ்டமர் உட்கார்ற சிஸ்டத்துக்கு நீ என்னமோ ஒரு பிரவுசர் வச்சிருக்கியே, அதை நானும் போடட்டுமா?" உடனே பதில் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னதாக இருந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தது இதுதான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஸ்கேன், பிரின்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. மூன்று கணினிகள். இரண்டில் வாடிக்கையாளர்களே உட்காருவார்கள், ஒன்று என் கைக்கு. நான் சொல்லும் பிரவுசர், பயர்பாக்ஸின் மூல நிரலை எடுத்துத் தனியுரிமையை இறுக்கி, சிலர் சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்துவது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே நான் கோபப்படப் போகிறேன். பகல் வேலை முடிந்து வந்து ராத்திரியில் நிரல் எழுதுகிறவர்கள் மேல் அது பெயரோடு போய் விழுவதில் எனக்கு விருப்பமில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் அதன் சின்னத்தைப் பார்த்துவிட்டு "இது டூப்ளிகேட்டா அண்ணே?" என்று கேட்டார். டூப்ளிகேட் இல்லை. 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் மூல நிரலை ஊருக்கே திறந்துவிட்டது. அதிலிருந்து மோசில்லா என்ற அமைப்பு வந்தது, அது 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0-ஐ வெளியிட்டது. நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம். பெயரையும் சின்னத்தையும் மட்டும் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நடத்துகிறவர்கள் 2006 முதல் 2016 வரை அதே பயர்பாக்ஸை ஐஸ்வீசல் என்று வேறு பெயரில் கொடுத்ததும் இதனால்தான்.

இதற்கு நான் மாறியதற்குக் காரணம் ஒரு மெயில் பெட்டி. ஒரு அம்மா வந்து மெயிலில் இருந்த வங்கிக் கணக்கு விவரத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டுப் போனார். லாக் அவுட் செய்யவில்லை. அடுத்து உட்கார்ந்த பையன் மெயிலைத் திறந்ததும் அந்த அம்மாவின் பெட்டி அப்படியே திறந்துகொண்டது. பையன் நல்லவன், என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வேறு ஒருவன் என்றால் என்ன ஆகியிருக்கும்? சுவரில் "லாக் அவுட் செய்யவும்" என்று எழுதி ஒட்டினேன். அதை யாரும் படிக்கவில்லை. அப்புறம்தான் கட்டற்ற மென்பொருள் கூட்டங்களுக்குப் போய்வரும் கல்லூரி மாணவர் ஒருவர் இந்தப் பிரவுசரைப் போட்டுக் கொடுத்தார். ஜன்னலை மூடினால் போதும். யார் வந்தார்கள், எங்கே நுழைந்தார்கள் என்பதெல்லாம் அதோடு அழிந்துவிடும். மற்ற பிரவுசர்களிலும் இப்படி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேடிப் போய் நாம்தான் வைக்க வேண்டும். இதில் நிறுவும்போதே அப்படித்தான் வருகிறது. இந்த நான்கு வருடத்தில் ஒருவர் பெட்டி அடுத்தவருக்குத் திறந்தது ஒருமுறைகூட இல்லை. இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சில்லறைக் குறைகள் உண்டு. நிறுவும்போது விண்டோஸ் நீலத் திரை காட்டி எச்சரிக்கும். மென்பொருளைச் செய்தது யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும், இவர்களிடம் அது இல்லை. சந்தா கட்டிப் படம் பார்க்கும் தளங்கள் சில ஓடாது. கடைக்கு அது தேவையில்லை.

இனி கோடுகள்.

முதல் வருடம், ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண், ஏழு மணிக்கு வந்தார். கடையில் கூட்டம். போட்டோவை ஸ்கேன் செய்து ஏற்றினேன். முன்னோட்டத்தில் தபால்தலை அளவுக்கு ஏதோ வண்ணமாகத் தெரிந்தது, சரி என்று அடுத்த பக்கம் போய்விட்டேன். கட்டணமும் கட்டியாயிற்று. அவர் அவசரத்தில் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தும் நேரத்தில் அவருடைய விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்தபோதுதான் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் கோடுகள். போன் செய்தேன். தம்பியை அழைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தார். "அண்ணா, போட்டோல ஆளே இல்லையே" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்கேனரைத் துடைத்தேன், மூன்று முறை ஸ்கேன் செய்தேன், மூன்று முறையும் கோடுகள்தான். கடைசியில் என் கணினியில் இருந்த வேறொரு பிரவுசரில் திறந்து, திருத்தும் வசதியில் நுழைந்து ஏற்றினேன். முகம் வந்தது. மணி 11.40. பன்னிரண்டுக்குத் தளம் மூடும்.

ராத்திரி ஒரு மணிக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தப் பிரவுசரின் புகார்ப் பட்டியலில் எழுதினேன். கடுமையாகவே எழுதினேன். காலையில் பார்த்தால் புகார் மூடப்பட்டிருந்தது. ஏற்கெனவே இருக்கும் ஒரு புகாரின் எண்ணைக் கொடுத்து, 'திட்டமிட்டபடியே வேலை செய்கிறது' என்று ஒரு வரி. திட்டமிட்டபடியா! ஒரு பெண்ணின் விண்ணப்பம் இருபது நிமிடத்தில் தப்பியிருக்கிறது, இவர்கள் இதைத்தான் திட்டமிட்டார்களா? மறுபடி எழுதினேன்.

இரண்டாவது முறை வேறொருவர் பதில் சொன்னார். எந்த வெளியீடு, எந்த விண்டோஸ், எந்த இடத்தில் அழுத்தியதும் கோடு வருகிறது என்று பொறுமையாகக் கேட்டார். படம் பிடித்து அனுப்பினேன். அப்புறம் அவர் விளக்கியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

விண்ணப்பத் தளங்கள் போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க, பிரவுசருக்குள்ளேயே கேன்வாஸ் என்ற ஒரு வரைபலகையில் படத்தை வரைந்து, அதிலிருந்து புள்ளி புள்ளியாகத் திரும்பப் படித்து அனுப்புகின்றன. அதே வரைபலகையை வேவு பார்க்கவும் பயன்படுத்தலாம். ஒரே எழுத்தை வரையச் சொன்னாலும் ஒவ்வொரு கணினியும் தன் கிராபிக்ஸ் சிப், எழுத்துரு இவற்றைப் பொறுத்து மயிரிழை வித்தியாசமாக வரையும். அந்த வித்தியாசத்தைப் படித்தால், தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் குக்கி என்ற அடையாளத் துணுக்கு இல்லாமலே கணினியை அடையாளம் கண்டுகொள்ளலாம். 2012-ல் மௌரி, ஷாகம் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 4,70,161 பிரவுசர்களைப் பார்த்ததில் 83.6 சதவீதம் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தன. இதைத் தடுக்க, அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் பிரவுசரில் எழுதிய நிரலை மோசில்லா எடுத்துப் பயர்பாக்ஸுக்குள் சேர்த்தது. பயர்பாக்ஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. என் பிரவுசரில் போட்டே வருகிறது. தளம் வரைபலகையைப் படிக்க வந்தால், அனுமதி இல்லாதவரை பொய்ப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும். போட்டோவைச் சுருக்க வந்ததா, வேவு பார்க்க வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஆக, அந்த அம்மாவைப் போன்றவர்களின் மெயில் பெட்டியைக் காக்கும் அதே கவனம்தான் இந்தப் பெண்ணின் முகத்தை அழித்தது. இது புரிந்த பிறகு பழையபடி கோபப்பட முடியவில்லை. கோபம் முழுதாகப் போகவும் இல்லை.

வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் இடப்பக்கம் சின்னதாக ஒரு படக்குறி வரும். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் போட்டோ ஒழுங்காக ஏறும். நான் விண்ணப்பத் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் கொடுத்து வைத்தேன். ஆனால் அந்தக் குறி மிளகு அளவு. சொல்லித் தராமல் யார் கண்ணிலும் படாது. அதையும் அவரிடம் எழுதிக் கேட்டேன்: பொய்ப் படம் கொடுக்கிறாய், சரி, கொடுத்தேன் என்று பெரிதாக ஒரு வரி சொல்லக் கூடாதா? பேச்சு நீண்டது. கடைசியில் அவர்களுடைய உதவிப் பக்கத்தில் 'ஏற்றிய படம் கோடுகளாகத் தெரிந்தால்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. திரையில் எதுவும் மாறவில்லை.

நேரமும் இப்படித்தான், அதே வேவுத் தடுப்புக்காக. கணினியில் இந்திய நேரம் இருந்தாலும் தளங்களுக்கு இந்தப் பிரவுசர் கிரீன்விச் நேரத்தைத்தான் சொல்லும். ஐந்தரை மணி நேரம் பின்னால். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவு செய்ய வந்த பெரியவருக்குத் திரையில் பார்த்தபடி காலை 5.30 என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் அது 11 மணி. மனுஷன் விடியுமுன்னே மருமகனின் பைக்கில் உட்கார்ந்து கிளம்பி, பனியில் போய், ஐந்தரை மணி நேரம் வராந்தாவில் காத்திருந்திருக்கிறார். திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை, "நேரத்த மட்டும் பாத்து எழுதுப்பா" என்றார். அன்று முதல் முன்பதிவு வேலையை என் கணினியில் வேறு பிரவுசரில்தான் செய்கிறேன்.

இவர்களிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, வெளியீட்டில் காட்டும் வேகம். பயர்பாக்ஸ் நான்கு வாரத்துக்கு ஒரு புது வெளியீடு தருகிறது. ஒவ்வொரு முறையும் இவர்கள் தங்கள் மாற்றங்களை அந்தப் புது நிரலின் மேல் திரும்பப் பொருத்தி, உடைந்ததைச் சரிசெய்து, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஓடும் மென்பொருளாகக் கட்டி எடுக்க வேண்டும். சாதாரணக் கணினியில் ஒருமுறை கட்டவே மணிக்கணக்கில் ஆகும் நிரல் அது. 2024 அக்டோபரில் பயர்பாக்ஸில் ஒரு மோசமான பாதுகாப்பு ஓட்டை, ஏற்கெனவே ஆட்கள் மேல் பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தது. ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்ன 25 மணி நேரத்தில் மோசில்லா சரிசெய்து, 9-ஆம் தேதி 131.0.2 என்று வெளியிட்டது. நான் கணினியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவர்கள் பின்தங்குவார்கள் என்று. மறுநாள் மாலைக்குள் வந்துவிட்டது. யாரோ ஒருவர் தன் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அன்று நன்றி என்று ஒரு வரி எழுதினேன், புகார்ப் பட்டியலில் எழுதக் கூடாதுதான். அதையும் மூடினார்கள், ஒரு இதயக் குறி போட்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த வாரத்துக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க்கோடு நான் நான்கு வருடமாகச் சேர்த்த அனுமதிகளும் போய்விட்டன. புதிதாக நிறுவியதும் மறுபடி கோடுகள். எனக்குத் தெரியும் என்பதால் ஒரு நிமிடத்தில் சரிசெய்தேன். ஆனால் என் கடைப் பையனுக்குத் தெரியாது. நான் மதியம் சாப்பிடப் போயிருந்தால் அவன் அந்தக் கோடுகளோடு அனுப்பியிருப்பான். அந்த மிளகுக் குறி இன்னும் மிளகாகவே இருக்கிறது.

அதனால் நெல்லித்தோப்பு நண்பருக்கு: இப்போதைக்குப் போடாதேப்பா. உன் கடையில் பாதி வேலை போட்டோ ஏற்றுவது, நீயும் எப்போதும் கடையில் இருப்பதில்லை. பயர்பாக்ஸையே போட்டு, மூடும்போது எல்லாம் அழியும்படி செட்டிங்ஸில் வைத்துக்கொள். வாடிக்கையாளர் மாற்றிவிட்டாரா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள், அது போதும்.

நான் மட்டும் என் கணினிகளிலிருந்து அந்தப் பிரவுசரை எடுக்கப் போவதில்லை. புதிய எஸ்.எஸ்.டி.யிலும் அதுதான் இருக்கிறது, அனுமதிகளை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், பையனுக்கும் காட்டிவிட்டேன். பழைய புகாரை நேற்று மறுபடி திறந்தேன். ஒருவர் கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு தளம் வரைபலகையைப் படித்தால் அப்போதாவது நடுத்திரையில் கேளுங்கள் என்று எழுதினேன், இந்தமுறை பகலில், நிதானமாக. காலையில் ஒரு கேள்வி வந்திருந்தது: எந்தத் தளம், மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து தர முடியுமா என்று. கல்லூரி மாணவரை ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.