144, 240, 360, 480: நான் 360பி-யில் நின்ற கதை

மூன்று மாதமாகப் பாட வீடியோக்களை மொபைல் டேட்டாவிலேயே பார்க்க வேண்டிய நிலை. தினமும் இரண்டு மணி நேரம். 144பி, 240பி, 360பி, 480பி என்று பிளேயர் தரும் நான்கு தரத்தையும் (எண் என்பது படத்தின் உயரத்தில் எத்தனை பிக்சல், அதாவது எத்தனை புள்ளி, என்பது) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது 360பி-யிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எண் குறைந்தால் டேட்டா மிச்சம், படம் மங்கல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 480பி (854×480) நான்கில் அழகானது, மறுக்கவில்லை. 144பி-யில் (256×144) பேசுகிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 176×144 அளவில், ‘.3gp’ என்று முடியும் பழைய வீடியோ கோப்புகளைக் கையடக்கப் போனில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுவும் பழகியிருக்கலாம்!

என் முடிவைத் தீர்மானித்தது முகமோ காட்சியோ இல்லை, எழுத்து. கரும்பலகையில் ஒரு எழுத்து, படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 144பி-யில் அதற்குக் கிடைப்பது சுமார் 7 பிக்சல். 240பி-யில் 12, 360பி-யில் 18, 480பி-யில் 24. ஏழு பிக்சலுக்குள் ‘ன’வுக்கு எத்தனை சுழி, ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று எங்கே எண்ணுவது? ஒற்றுப்புள்ளி கரைந்துபோய் ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். 240பி-யில் வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகித்துவிடலாம். ஆனால் எக்ஸுக்கு மேலே இருப்பது 2-ஆ 3-ஆ என்பதை ஊகிக்க முடியாதே. ஒரு கணக்கை அப்படித் தப்பாகக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் 240-ஐ விட்டேன்.

வண்ண எழுத்து என்றால் நிலைமை இன்னும் மோசம். ஸ்ட்ரீமிங் வீடியோவில் பெரும்பாலும் வெளிச்சத் தகவல்தான் முழு அளவில் இருக்கும். நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுவார்கள். ஆக 360பி-யிலேயே நிறத்துக்கு 320×180தான். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஏன் வழிந்ததுபோல் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். தனி டிராக்காக வரும் சப்டைட்டிலுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அதைப் பிளேயரே திரையின் அளவில் வரைவதால் 144பி-யிலும் பளிச்சென்று இருக்கும். படத்தோடு சேர்த்துப் பதித்ததுதான் படத்தோடு சேர்ந்து மங்கும்.

டேட்டாவுக்கு வருவோம். ஒலி தனியாக 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) வருவதாகக் கொண்டு, படத்துக்கு 144பி-யில் 100, 240-இல் 250, 360-இல் 500, 480-இல் 1000 என்று தோராயமாகப் போட்டால், மணிக்கு முறையே 103, 170, 283, 508 எம்பி வருகிறது. 144பி-யில் பாதிக்கு மேல் ஒலிக்கே போகிறது, பாருங்கள். அந்த அளவுக்கு இறங்குவதென்றால் படத்தையே அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கலாம். 240-இலிருந்து 360-க்கு ஏற 113 எம்பி. அதற்கு எழுத்து கிடைக்கிறது. 480-க்கு இன்னும் 225. அதற்குக் கிடைப்பது, என் போன் திரையில், கொஞ்சம் அழகு.

இந்தக் கணக்கு கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையை, பொறுத்து மாறும். 2003-இல் வந்த ஹெச்.264-ஐவிட 2018-இல் வந்த ஏவி1 குறைந்த டேட்டாவில் அதே தெளிவைத் தரும். ஆனால் அதை வன்பொருளிலேயே விரிக்க வசதியில்லாத பழைய போன் என்றால் பேட்டரி கூடுதலாகக் கரையும். விளையாட்டு ஒளிபரப்பை நான் அதிகம் பார்ப்பதில்லை, அதனால் ஓடும் பந்துக்கு 360 போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தரத்தைப் பிளேயரே தேர்ந்தெடுக்கும் ‘ஆட்டோ’வில் விடுவதை நிறுத்திவிட்டேன். சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும், சரியாகப் பலகையில் எழுதும் நேரம் பார்த்து 144-க்கு இறங்கிவிடுகிறது.

கோடிங் வீடியோ வந்தால் மட்டும் 480-க்கு ஏற்றிக்கொள்கிறேன். கணினித் திரையை அப்படியே பதிவு செய்ததில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் வித்தியாசம் 360-இல் எனக்குப் பிடிபடவே இல்லை.